நல்லரத்தினம் மாமா கேட்டு முடித்த நாவல்

நல்லரத்தினம் மாமாவிடம் யார் எதைச் சொன்னாலும் 'ம்' போடுவார். எல்லாரும்தான் போடுகிறார்கள், ஆனால் மாமாவுடையதில் ஓர் ஒழுங்கு இருந்தது. வலது கையை முழங்காலின் மேல் கவிழ்த்து வைத்திருப்பார். சொல்கிறவர் ஒரு வாக்கியத்தை முடித்து மூச்செடுக்கிற இடத்தில் ஆட்காட்டி விரல் மட்டும் மெல்ல எழும்பும். கூடவே 'ம்' வரும். விரல் மறுபடி முழங்காலில் படிந்த பிறகுதான் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கலாம். பேச்சு பிடித்துவிட்டால் அந்த 'ம்' மூக்குக்குள் நீண்டு போகும். நம்பமுடியாத இடமென்றால் விரல் எழும்பாது, முகத்தைச் சாய்த்து "ஆ?" என்பார். அலுத்துவிட்டால் 'ம்' நின்றுபோய் "சரி" வந்துவிடும். இரண்டாவது "சரி" வருவதற்குள் பேச்சை முடித்துக்கொள்வது எல்லாருக்கும் நல்லது.

பஸ்ஸில் மணியடித்து மணியடித்துப் பழகிய விரல் அது என்று இரத்தினம்மா மாமி சொல்வார். மாமா மட்டக்களப்பு – கல்முனை தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். காத்தான்குடியில் ஏறுகிறவரைக் களுவாஞ்சிக்குடியில் இறங்கும்வரை சிரிக்க வைத்துக்கொண்டு வரக்கூடியவர். சுனாமிக்கு முந்திய வருடம் சீனி வருத்தம் இரண்டு கண்ணையும் எடுத்துவிட்டது. கடல் ஊருக்குள் வந்த அன்று காலை மகள் கலாஜினிதான் அவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு மெயின் றோட்டைத் தாண்டி வாவிப் பக்கம் ஓடினாள். எங்கள் ஊரான செட்டிபாளையத்தில் அந்த அலையைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். மாமா அதைக் காதால் கேட்டவர். கேட்டதை ஒருநாளும் அவர் விவரித்ததில்லை.

வீடு போய்விட்டது. பிறகு முகாமில், தகரக் கொட்டிலில், ஒரு வருடத்துக்கு மேல். அந்தக் கொட்டிலில்தான் கலாஜினி அவருக்கு அந்த நாவலை வாசித்துக் காட்டினாள். 'கோமளத்துறைக் கோட்டை' என்று மூன்று பாகம் கொண்ட சரித்திர நாவல். இளவரசன், துறைமுகம், சதி செய்கிற மந்திரி, நிலா வெளிச்சத்தில் பாடுகிற இளவரசி எல்லாம் வரும். வாசிக்கத் தெரிந்த எந்தக் குடும்பத்திலும் அதைப் படித்து அழுத ஒருவராவது இருப்பார். பின்னேரம் வெயில் தகரத்தைவிட்டு இறங்கியதும் தொடங்குவாளாம். பக்கத்துக் கொட்டில்காரரும் வந்து குந்திக்கொள்வார்களாம். நான் அந்தக் காலம் டவுனில் பெரியம்மா வீட்டில் நின்று படித்துக்கொண்டிருந்தேன். அதனால் அவள் வாசித்ததை ஒருநாளும் கேட்டதில்லை.

இரண்டாயிரத்து ஆறு தொடக்கத்தில் கலாஜினி கிளிநொச்சிக்குப் போனாள். சமாதானம் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். மாமியின் ஒன்றுவிட்ட தங்கை அங்கே இருந்தார். அவர் ஒரு பாலர் பாடசாலையில் வேலை எடுத்துக் கொடுத்திருந்தார். தீபாவளிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவள். ஆவணியில் சண்டை திரும்பத் தொடங்கி, கிளிநொச்சிப் பாதை மூடியது. மூடியது மூடியதுதான். கடைசியாகப் பேசியது இரண்டாயிரத்து ஒன்பது தைமாதம். "சத்தம் கேக்குதாப்பா? பயப்பிடாதீங்க, அது தூரத்தில" என்றாளாம். அதற்குப் பிறகு அந்த நம்பர் எடுக்கவேயில்லை.

வைகாசியில் சண்டை முடிந்தது. அப்போது நான் ஊருக்குத் திரும்பி, களுவாஞ்சிக்குடியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். மாமா குடும்பம் எங்கள் வளவுக்குப் பக்கத்தில் தொண்டு நிறுவனம் கட்டிக்கொடுத்த சின்ன வீட்டுக்கு வந்திருந்தது. மாமா காலையில் றேடியோவைக் காதோடு அணைத்தால் படுக்கப் போகும்வரை விடமாட்டார். ஒரு ஸ்டேஷன் செய்தி முடிந்ததும் அடுத்தது. சண்டைக்குள்ளிருந்து வந்தவர்களை வைத்திருந்த முகாம்களில் எத்தனை பேர், எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை பேர் என்று சொல்வார்கள். பேர் சொல்லமாட்டார்கள். அவர் பேருக்காகக் காத்திருந்தார்.

ஒருநாள் மாமி வேலியோரம் வந்து நின்றார்.

"மனே, அந்த றேடியோவத் தூக்கிக் கிணத்துக்க போட்டிருவன். எனக்கு ஏலாது."

எனக்கு இப்படியான இடத்தில் பேச்சு வராது.

"அவள் வாசிச்ச கதை இப்ப சீடியில வந்திரிக்காமே? ஆரோ வாசிக்கிறாங்களாம். அத எடுத்துத் தரயா? கொஞ்ச நேரமெண்டாலும் அந்த நியூஸ் நிக்கட்டும்."

ஏறாவூரில் சரீப் நானா சீடிக் கடை வைத்திருந்தார். பழைய பிளேயர்களும் திருத்தி விற்பார். நாவலின் பேரைச் சொன்னதும் கையிலிருந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"கோமளத்துறையா? தம்பி, இத வாங்காத ஆள் இல்ல. கனடாவில இரிக்கிற புள்ளைகள் போன் போட்டு, எங்கட உம்மாக்கு ஒரு செட் குடுங்க நானா எண்டு சொல்லுதுகள். எங்கட உம்மா, ஹவ்வா உம்மா, மூணு தரம் கேட்டுட்டா. மூணு தரமும் அதே இடத்தில அழுகிறா. நேத்துச் சோறு கரிஞ்சி போச்சு."

"நல்லா இருக்குமா நானா?"

"குதிரை வாற இடத்தில குதிரை வரும் தம்பி! சத்தத்தோட! இதுக்கு மேல என்ன வேணும் உமக்கு?"

ஒரு கட்டு சீடியும் ஒரு பழைய பிளேயரும் கொண்டுவந்தேன். முதல்நாள் பின்னேரம் மாமா வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வலது கை முழங்காலுக்கு வந்தது. மாமி தேத்தண்ணி வைத்துவிட்டுக் கதவுநிலையில் சாய்ந்தார். பொத்தானை அழுத்தினேன். வீணை, பிறகு மேளம், பிறகு தண்ணீர்த் தொட்டிக்குள் நின்று பேசுவதுபோல ஓர் ஆண்குரல். இந்தியக் குரல். ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து வைப்பதுபோல் வாசித்தது. ஆதி நாளில் அந்த ஆறு எங்கே பிறந்தது என்று தொடங்கியது.

மாமாவின் விரல் எழும்பியது. "ம்."

குரல் நிற்கவில்லை. விரல் கீழே வருவதற்குள் ஆறு இரண்டு மலையைத் தாண்டிவிட்டது. மறுபடி எழுப்பினார். மறுபடியும் குரல் அவரைத் தாண்டிப் போனது. சந்தியில் கைகாட்டிக்கொண்டு நிற்கிறவரை விட்டுவிட்டுப் போகிற பஸ்போல.

"இந்தாள் மூச்செடுக்கமாட்டானா மனே?"

"றெக்கோட் பண்ணினது மாமா. மூச்செடுக்கிறத வெட்டியிருப்பாங்க."

"மூச்ச வெட்டிப்போட்டு என்னத்த வாசிக்கிற?"

வாக்கியம் முடிகிற இடமெல்லாம் நான் பொத்தானை அழுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவர் 'ம்' போட்டதும் திரும்ப விட்டேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் வீணை பாதியில் அறுந்து பாதியில் முளைத்தது. கொஞ்ச நேரத்தில் அவரே கையைக் காட்டினார்.

"விடு மனே. பிரேக் போட்டுப் போட்டு ஓடினா ஆக்களுக்கு வயித்தப் பிரட்டிச் சத்தி வந்திரும்."

அதற்குப் பிறகு அவர் விரலை மற்றக் கையால் மூடிக்கொண்டுதான் கேட்டார்.

அந்தக் கிழமை முழுக்கக் கேட்டோம். இளவரசன் குதிரையில் ஏறத் தயாரானான். குதிரையின் நிறம், சேணம், சேணத்தின் பூவேலை, அந்தப் பூவேலையைச் செய்தவனின் ஊர், அந்த ஊரின் கோயில்.

"மாமி, நாங்க இப்ப எங்க நிக்கிறம்?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

மாமாதான் பதில் சொன்னார். "மட்டக்களப்பில வெளிக்கிட்டு, கல்முனைக்குப் போய், கடையில சோறும் திண்டு, திரும்பி வந்து பஸ்ஸும் கழுவியாச்சு. இவன் இன்னும், வெளிக்கிட்ட உடன வாற கல்லடிப் பாலமே தாண்டல்ல."

மாமி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டில் கனகாலத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. எனக்கும் நாவல் ஏறவில்லை. நான் வாசிக்கிறதெல்லாம் நாலு வரி, ஐந்து வரிக் கவிதைகள். வெறும் தாளே அதிகம் இருக்கும். அழகான பெண் அறைக்குள் வரும்போதெல்லாம் வீணை வந்தது. வீணை வந்தாலே மாமா "ஆ, வாறாள்" என்பார். சரீப் நானா சொன்ன குதிரையும் வந்தது. சிரட்டையைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

ஆனால் நடுவில் ஒன்று நடந்தது. ஒரு பட்டத்து யானை ஆற்றில் இறங்கப் பயந்து கரையிலேயே நின்றுவிடுகிறது. குரல் அதைச் சொல்லத் தொடங்கியதும் மாமா முன்னால் சாய்ந்தார்.

"யானை இரிக்கா இதில?"

"ஓம் மாமா."

"பாகன்ட மகள் அதுர கண்ணில துணி கட்டி…"

அவர் சொல்லி முடிப்பதற்குள் குரலே சொன்னது. பாகனின் மகள் தன் மேலாடையால் யானையின் கண்ணைக் கட்டினாள், கைபிடித்து அழைப்பதுபோல் தும்பிக்கையைப் பிடித்து ஆற்றுக்குள் கூட்டிப்போனாள்.

நல்ல இடம். அந்த சீடிக் கட்டு முழுவதிலும் நல்ல இடம் அதுதான். மாமா முகம் மலரும் என்று பார்த்தேன். அவர் பின்னால் சாய்ந்து, "சரி" என்றார். அன்றைக்குத் தேத்தண்ணி அப்படியே ஆறிக் கிடந்தது.

தெரிந்த கதை என்பதால் அலுத்துவிட்டது என்று நினைத்தேன். அதற்குப் பிறகும் அப்படித்தான். மந்திரி மோதிரத்தை விழுங்கிய இடம் வந்தது, "இதும் இரிக்கா? சரி." இளவரசி தன் நிழலோடு சண்டை பிடித்த இடம் வந்தது, "சரி." நல்ல இடம் வரவர அவர் குரல் கீழே இறங்கியது. சேணமும் கோபுரமும் வந்தால் பகிடி விட்டார்.

ஒவ்வொரு சீடி முடியும்போதும் ஒரே கேள்வி. "உப்புக்காரி இன்னும் வரல்லயா மனே?"

"எந்த உப்புக்காரி மாமா?"

"கோட்டை வாசல்ல உப்பு விக்கிறவள். காயம் பட்ட இளவரசன எதிரிக்குத் தெரியாம உப்பு வண்டிலுக்க போட்டு மூடிக்கொண்டு போவாள். அவனுக்குப் புண்ணில எரியுது, கத்துறான். அவள் வண்டிலில ஒரு தட்டுத் தட்டி, 'கத்தாத ராசா, உப்புப் பட்டா எரியத்தான் செய்யும், மறுகா ஆறிரும்' எண்டுவாள். காவல்காரன், 'ஆரோட புள்ள கதைக்கிறாய்?' எண்டு கேப்பான். 'உப்போடதான், உன்னவிட அதுக்குச் சுரணை இரிக்கு' எண்டுவாள்."

இதைச் சொல்லும்போது அவருடைய குரலே மாறிவிட்டது. மெலிந்து, கொஞ்சம் செருக்கோடு. மாமி கதவுநிலையைவிட்டு உள்ளே போய்விட்டார். அது யாருடைய குரல் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது.

சீடியில் கதையைச் சுருக்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். சரீப் நானாவிடம் போன் பண்ணிக் கேட்டேன். "ஒரு சொல்லு விடல்ல தம்பி, அட்டையிலயே போட்டிரிக்கு" என்று கோபித்துக்கொண்டார். பிறகு களுவாஞ்சிக்குடி லைப்ரரியில் மூன்று பாகத்தையும் எடுத்துவைத்து மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் தேடினேன். யானை இருந்தது, மோதிரம் இருந்தது, நிழல் இருந்தது. உப்புக்காரி இல்லை. கோட்டை வாசலில் உப்பு விற்கவேயில்லை. 'மறுகா' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. இருக்க வழியும் இல்லை. எழுதியவர் வேறு கரைக்காரர். பிறகு என்பதற்கு 'மறுகா' என்று எங்கள் பக்கத்து ஆட்கள்தான் சொல்வார்கள்.

கலாஜினி தானாகச் சேர்த்தவள் அந்த உப்புக்காரி. ஏன் சேர்த்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய சங்கடம், இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது என்பது. காத்திருக்கிற மனிதனிடம், நீங்கள் காத்திருக்கிற ஆள் வரமாட்டாள் என்று சொல்லவேண்டும். அந்த மாதம் அந்த ஊரில் எந்த வீட்டிலும் யாராலும் சொல்லமுடியாத வசனம் அது. தினமும் சொல்வதென்று போவேன். பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

இதற்கிடையில் மாமி வவுனியாவுக்குப் போய்வந்தார். முகாம் முகாமாக, முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அந்தப் பக்கம் நின்றவர்கள் அந்தப் பேரைப் பின்னால் நின்றவர்களுக்குச் சொல்ல, அவர்கள் இன்னும் பின்னால் சொல்ல, அப்படியே போய்க்கொண்டிருந்ததாம். எத்தனையோ கலாஜினிகள் வந்தார்கள். மாமியின் ஒன்றுவிட்ட தங்கை எந்த முகாமிலும் இல்லை. கடைசியில் உசாந்தி என்ற பிள்ளை வந்தாள். கலாஜினியோடு ஒரே பாலர் பாடசாலையில் படிப்பித்தவள்.

மாமி திரும்பி வந்து பையைக்கூட இறக்காமல் மாமாவுக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தார். நான் முற்றத்தில் நின்றேன். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"உசாந்தி எண்ட புள்ள அவளக் கண்டிரிக்காள். பங்குனியில. மாத்தளன் கடற்கரையில, தரப்பாள் கொட்டிலுக்குக் கீழ."

"ம்."

"சுகமா இருந்தவளாம். மெலிஞ்சி போனாளாம்."

"ம்."

"அதுக்குப் பிறகு உசாந்திர ஆக்கள் வேற பக்கம் இழுபட்டுப் போயிற்றாங்க. மறுகா காணல்ல. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்."

மாமா, "காணக்குள்ள என்ன செஞ்சிக்கிட்டு இருந்தவளாம்?" என்றார்.

"சின்னப் புள்ளைகள வெச்சிக்கிட்டுக் கதை சொல்லிக்கிட்டு இருந்தவளாம். ஷெல் சத்தம் கேக்காம இரிக்கிறத்துக்கு."

"என்ன கதை?"

மாமி அவர் முகத்தைப் பார்த்தார்.

"அத நான் கேக்கல்லங்க. நான் அதையா கேப்பன் அந்த நேரம்?"

"இல்ல" என்றார் மாமா. "கேக்கமாட்டாய்தான்."

அடுத்த நாள் நான் போகவில்லை. அதற்கடுத்த நாள் அவரே வேலியைப் பிடித்துக்கொண்டு வந்து கூப்பிட்டார். "மனே, மிச்சம் இரிக்கெல்லா? வா, முடிப்பம்."

"வேணாம் மாமா. அந்தளவுக்கு நல்லாவும் இல்ல. நிப்பாட்டுவமா?"

மாமாவிடம் நானாக முதலில் சொன்ன அபிப்பிராயம் அதுவாகத்தான் இருக்கும்.

"நல்லா இல்லதான்" என்றார். "விசர் கதை. ஆனா முழுக்கக் கேக்கோணும். ஒரு சொல்லும் விடப்படா. நீ பாதியில நித்திரை கொண்டாலும் நான் கேப்பன்."

கேட்டோம். மூன்றாம் பாகம் முழுவதும் போர். வாள்கள் மோதுகிற சத்தத்துக்கு யாரோ கரண்டியைக் கரண்டியால் அடித்திருந்தார்கள். ஆயிரக்கணக்கில் செத்தார்கள், அந்தக் குரல் கொஞ்சமும் களைக்கவில்லை. மாமி குசினிக்குள் இருந்து, "அந்த இடத்தக் கொஞ்சம் குறைச்சி வெய் மனே" என்றார். குறைத்தேன். கடைசி சீடியில் முடிசூட்டு விழா, கலியாணம், மேளம். மறைந்திருந்த எல்லாரும் திரும்பி வந்தார்கள். செத்ததாக நினைத்த தோழன்கூட ஒரு தூணுக்குப் பின்னால் இருந்து சிரித்துக்கொண்டு வந்தான். பிறகு அந்தக் குரல் தன் பேரைச் சொல்லி வணக்கம் வைத்தது.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது மாமா."

"அவள் வரல்ல."

"வரல்ல மாமா." நான் மூச்சை இழுத்துக்கொண்டேன். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "லைப்ரரியில நான் பார்த்தன்…" அதற்கு மேல் வரவில்லை.

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பி, நான் முடிப்பதற்காகக் காத்திருந்தார். நான் முடிக்கவில்லை என்று தெரிந்ததும், "சரி மனே" என்றார். "இத வேற ஆருக்கும் குடு. எனக்கு இனித் தேவல்ல."

றேடியோவை அவர் பிறகும் கேட்டார், முன்னைப்போல் நாள் முழுக்க இல்லை. கலாஜினியின் பேரை எந்த ஸ்டேஷனும் சொல்லவில்லை. மாமி போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ அரசாங்கக் கந்தோர் வாசலில் நின்றார். சில நாள் நானும் கூடப் போனேன். போட்டோவைக் கொப்பி அடித்துக் கொடுத்ததைத் தவிர என்னால் எதுவும் ஆகவில்லை.

மாமா இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் காலமானார். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து ஆட்கள் போன பிறகு, கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த என்னிடம் மாமி அந்த நாவலைப் பற்றிப் பேச்செடுத்தார். நானும் ஒருவழியாகச் சொன்னேன், உப்புக்காரி அந்தப் புத்தகத்திலேயே இல்லை, அதை மாமாவிடம் சொல்லமுடியாமல் போனது என்று.

"அவருக்குத் தெரியாதெண்டா நினைச்சாய்?" என்றார் மாமி. "நாங்க இருந்த முகாமிலயே தெரியும். அது கடல் தண்ணி குடிச்ச புத்தகம் மனே. மணலுக்க இருந்து எடுத்து வேலியில காயப்போட்டவள். பாதித் தாள் ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கிடந்தது, பிரிச்சாக் கிழிஞ்சிரும். பிரட்டுற தாளெல்லாம் அப்பளம் நொறுங்கிற மாதிரிச் சத்தம் போடும். சில நேரம் அந்தச் சத்தமே வராது, ஆனா இவள் நிக்காம வாசிச்சிக்கிட்டே போவாள். அப்ப அவர் என்ட கையச் சுரண்டுவார். அவளுக்கு நாங்க காட்டிக்கொள்ளல்ல. கனகாலம் போனதால எது புத்தகம், எது அவள்ற எண்டு அவருக்குக் கலந்து போச்சு. அதுக்காகத்தான் அந்த சீடிய முழுக்கக் கேட்டவர். புத்தகத்தில இரிக்கிறதெல்லாம் கழிஞ்சு போகட்டும், மிச்சம் என்ட புள்ளைட எண்டு சொன்னவர்."